ஓரத்தில் எழுதிய புத்திமதிகள்

எங்கள் வீட்டு ஹோலில் மீன்தொட்டி இருந்த இடத்தில் இப்போது ஒரு புத்தக றாக்கை நிற்கிறது. அதில் கதைப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் புத்தி சொல்லும் புத்தகங்கள். கோபத்தை அடக்குவது எப்படி, தெளிவாகச் சிந்திப்பது எப்படி, கெட்ட பழக்கத்தை விடுவது எப்படி, அடுத்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி. பாதி ஆங்கிலம், பாதி தமிழ் மொழிபெயர்ப்பு. வெள்ளவத்தைக் கடற்காற்று யன்னல் கம்பியையே தின்கிறது, புத்தகத்தை விடுமா? சில அட்டைகள் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன.

என் கணவர் பத்திரிகையில் மரண அறிவித்தலையும் கிரிக்கெட்டையும் தவிர வேறெதுவும் வாசிப்பதில்லை. "நீ வாசிக்க வாசிக்க, வீட்டில நாங்கள்தான் திருந்த வேண்டிக் கிடக்கு" என்பார். நான் அதைப் பகிடி என்று விட்டுவிட்டேன். மனிதர் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை செய்கிறேன். வருகிற பத்திரங்களை வரி வரியாகப் பார்த்துப் பிழை பிடிப்பது என் வேலை. இருபத்தாறு வருடமாகச் செய்கிறேன், நன்றாகவே செய்கிறேன். அந்தக் கண்ணை மாலை நாலரைக்குக் கந்தோரிலேயே வைத்துவிட்டு வர எனக்குத் தெரியாது. வீட்டுக்குக் கொண்டு வருவேன், கோவிலுக்குக் கொண்டு போவேன், புத்தகம் வாசிக்கும்போதும் அதே கண்ணால்தான் வாசிப்பேன்.

புத்தகங்களை நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாசித்தோம். மேல்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர், பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கும், வங்கியில் வேலை செய்யும் இளம் பிள்ளை, கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தங்கச்சி, நான். போயா என்கிற பௌர்ணமி நாளில் எல்லோருக்கும் லீவு என்பதால், இரண்டு போயாவுக்கு ஒருதரம் எங்கள் வீட்டில் கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிக் கதைப்போம். தங்கச்சி மட்டக்குளி பஸ்ஸில் வந்து இறங்குவாள், கையில் எப்படியும் ஒரு பெட்டி ரோல்ஸ் இருக்கும். அது முடிந்த பிறகுதான் புத்தகத்தைத் திறப்போம்.

விலைகள் ஏறின காலத்திலிருந்து நாலு பேருக்கும் ஒரே பிரதிதான். ஆளுக்கு இரண்டு கிழமை. முதலில் டீச்சர், பிறகு வங்கிப் பிள்ளை, பிறகு தங்கச்சி, கடைசியில் நான். றாக்கை என் வீட்டில் இருப்பதால் அந்த ஒழுங்கு. பிடித்த இடங்களில் அடையாளம் போடலாம், ஆனால் பென்சிலால் மட்டும். டீச்சர் அடிமட்டம் வைத்துக் கோடு இழுப்பார். பிள்ளை சரி போடுவாள். தங்கச்சி ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைப்பாள், பார்த்தால் ஏதோ பூச்சி என்று தட்டிவிடத் தோன்றும்.

நான் அடையாளம் போடுவதில்லை, எழுதுவேன். ஒரு நல்ல வரியைக் கண்டால் அது யாருக்குத் தேவை என்பது எனக்கு உடனே தெரிந்துவிடும். ஓரத்தில் அந்த ஆளைக் குறித்து வைப்பேன். "இவருக்கு" என்றால் என் கணவர். "மனேஜருக்கு", "டீச்சருக்கு", "மச்சாளுக்கு". எனக்குப் பிறகு அந்தப் புத்தகத்தை ஒருவரும் திறக்கப் போவதில்லை, கூட்டத்திலும் அது என் மடியிலேயே இருக்கும் என்பதால் தாராளமாக எழுதினேன். ஒரு நல்ல புத்தகம் முடியும்போது எனக்குத் தெரிந்த பாதிக் கொழும்புக்குப் புத்தி சொல்லி முடித்திருப்பேன். அதில் ஒரு நிம்மதி இருந்தது, பொய் சொல்லவில்லை.

தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் என்னைவிட மூன்று வயது இளையவள், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். பிள்ளைகள் இல்லை. அம்மா அப்பா போன பிறகு கொழும்பில் எனக்கு இரத்த உறவு என்று இருப்பது அவள் ஒருத்திதான். இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய கணவர் ஒரு காலை வேலைக்குப் புறப்படும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழும்பவில்லை. ஒரு நோய் நொடி என்று படுத்த மனிதர் இல்லை.

அதன் பிறகு அவள் ஒவ்வொரு நாளும் காலை ஆறரைக்கு எனக்கு போன் எடுப்பாள். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கறிக்குப் போஞ்சி வெட்டுவேன். அவள் கதைப்பாள், நான் "ஓம், ஓம்" என்பேன். நடுநடுவே புத்தியும் சொல்வேன். அவருடைய சேர்ட்டுகளைக் கோவிலில் குடுத்துவிடு, ஏழைகளாவது போடட்டும் என்று எத்தனையோ தரம் சொன்னேன். அவளோ போட ஆளில்லாத அந்தச் சேர்ட்டுகளை மாதம் ஒருமுறை தோய்த்து, அயன் பண்ணி, மறுபடி அலுமாரியில் தொங்கவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சரி பிள்ளை, பஸ் போயிடும்" என்று சொல்லி நான்தான் முதலில் போனை வைப்பேன்.

அந்த முறை டீச்சருக்குக் கண்ணில் ஒப்பரேஷன். புத்தகம் வாங்க அவர்தான் வழமையாகக் கொள்ளுப்பிட்டிக்குப் போவார். போக முடியாததால் நான் கந்தோர் முடிந்து வரும் வழியில் இறங்கி வாங்கினேன். "வாங்கினவ முதல் வாசிக்கட்டும், என்ர கண் ஆறின பிறகு நான் பாக்கிறன்" என்றார் டீச்சர். ஆகவே முதலில் நான், பிறகு வங்கிப் பிள்ளை, பிறகு டீச்சர், கடைசியில் தங்கச்சி.

ஒழுங்கு மாறியது மண்டைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. நான் வழக்கம்போல எழுதிக்கொண்டே போனேன். பழக்கம் மனிதனை எப்படி நடத்துகிறது என்று அந்தப் புத்தகத்திலேயே ஓர் அத்தியாயம் இருந்தது. அதை ஆறுதலாக வாசித்து, ஓரத்தில் "இவருக்கு" என்று எழுதினேன்.

ஆறு கிழமை கழித்து வந்த போயாவில் எல்லோரும் கூடினோம். டீச்சர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தங்கச்சி ரோல்ஸ் கொண்டுவரவில்லை. நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியையும் தொடவில்லை. புத்தகத்தைத் தன் கைப்பையிலிருந்து எடுத்தாள்.

"நாப்பத்தொன்பதாம் பக்கம்" என்றாள், வகுப்பில் சொல்வதுபோல.

போனதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் ஒருவகைச் சோம்பல்தான் என்ற கருத்தில் அங்கே ஒரு பந்தி இருந்தது. அதை முழுதாக வாசித்தாள். பிறகு, "ஓரத்தில எழுதியிருக்கிறதையும் வாசிக்கிறன்" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தங்கச்சிக்கு. ரெண்டு வருஷம் போதும்."

அதை அவள் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தாள். வங்கிப் பிள்ளை நிலத்தைப் பார்த்தாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் என்பது அந்த முகங்களிலேயே தெரிந்தது.

"இது நீங்கள் எழுதினதுதானே, அக்கா?"

என் தங்கச்சி என்னை நீ என்றுதான் கூப்பிடுவாள். நீங்கள் என்றால் கோபம் தலைக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் நுணலும் தன் வாயால் கெடும். "உன்ர நன்மைக்குத்தானே எழுதினனான்" என்றேன்.

அவள் புத்தகத்தை மேசையில் வைத்தாள். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை, படியில் இறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது.

மற்ற இரண்டு பேருக்கும் நான் எழுதி வைத்திருந்தது அவர்கள் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. திறந்து பார்த்தேன். "வங்கிப் பிள்ளைக்கு: சாப்பிடேக்குள்ள போனைப் பாக்காதே" என்று நான் எழுதியதன் கீழ் அவள் ஒரு சிரிக்கும் முகம் கீறியிருந்தாள். "டீச்சருக்கு: மற்றாக்களையும் கதைக்க விடோணும்" என்பதற்குப் பக்கத்தில், பிள்ளைகளின் கொப்பியில் போடுவதுபோல, "பார்த்தேன்" என்று எழுதித் திகதியும் போட்டிருந்தார் டீச்சர். நாற்பத்தொன்பதாம் பக்கத்தில் மட்டும் ஒருவரும் ஒன்றும் போடவில்லை. பிறகு ஒருநாள் லிஃப்டில் டீச்சர் சொன்னார்: "நான் அதை அழிச்சிருக்கலாம். மற்றவையின்ர எழுத்தில கைவைச்சுப் பழக்கமில்லை எண்டு விட்டிட்டன். அதுவும் பிழைதான்."

அடுத்த நாள் காலை ஆறரைக்கு போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. முதலில் கோபம்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் இப்படியா என்று கணவரிடம் பொரிந்தேன். அவர் பத்திரிகையை மடித்தார். "உண்மை எண்டால் முகத்துக்கு நேர சொல்லியிருக்கலாமே" என்றார். மனிதர் இப்படி அபூர்வமாகத்தான் வாயைத் திறப்பார், திறந்தால் தப்ப முடியாது. இரண்டாம் கிழமை கோபம் போய்ப் பயம் வந்தது. எனக்கு இருப்பது இவள் ஒருத்தி. இவளும் போனால்?

றாக்கை நிறையப் புத்தகம் இருக்க நான் ஏன் கவலைப்பட வேண்டும்? மன்னிப்புக் கேட்பதற்கு என்றே ஒரு முழு அத்தியாயம் இருந்தது. என்ன பிழை செய்தேன் என்று சொல்ல வேண்டும், அதனால் மற்றவருக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும், "ஆனால்" என்று எங்கும் வரக்கூடாது. அப்படியே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலச் சரி இரண்டும் விழுந்தன. பதில் வரவில்லை.

பிறகு, வார்த்தை போகாத இடத்துக்குச் செயல் போகும் என்று இன்னொரு புத்தகம் சொன்னது. அவளுக்குக் கணவாய்க் கறி என்றால் உயிர். ஞாயிறு காலையே சமைத்து, டப்பாவில் போட்டு, தெரிந்த த்ரீவீல்காரரிடம் கொடுத்து அனுப்பினேன். ஒரு மணித்தியாலத்தில் டப்பா திரும்பி வந்தது. "நோனா, கெதர கவுருத் நே" என்றார், வீட்டில் ஒருவரும் இல்லையாம். ஞாயிறு காலையில் அவள் பூசைக்குப் போவாள் என்பதை நாற்பது வருடமாகத் தெரிந்து வைத்திருந்தும் எனக்கு யோசனை போகவில்லை. கணவாயை நாங்களே சாப்பிட்டோம். கணவர் மட்டும் சந்தோஷமாக இருந்தார்.

மூன்றாவதாக நேரில் போனேன். செவ்வாய்க்கிழமைகளில் அவள் பள்ளிக்கூடம் விட்டுக் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு வருவாள். என் கந்தோரிலிருந்து நடக்கிற தூரம்தான். சனத்துக்குள் அவளைக் கண்டேன், மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நின்றாள். உள்ளங்கை தெரியும்படி கையை வைத்துக்கொண்டு, கண்ணைப் பார்த்து, மெதுவான குரலில் தொடங்க வேண்டும் என்று வாசித்திருந்தேன். அப்படியே போய் நின்று, "நீ எவ்வளவு காயப்பட்டிருப்பாய் எண்டு எனக்கு விளங்குது" என்றேன்.

அவள் என் கைகளைப் பார்த்தாள்.

"இது கோவில், அக்கா. இங்கயும் ஒத்திகை பாக்காதேங்கோ."

சொல்லிவிட்டுத் திரும்பி அந்தோனியாரைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார், ஏதோ பெரிய வேண்டுதலோடு வந்தவள் என்று நினைத்திருப்பார். வேண்டுதல்தான், வேறென்ன.

அடுத்த கூட்டத்துக்குரிய போயா வந்தது, கூட்டம் நடக்கவில்லை. நாலு பேரில் ஒருவர் வராத கூட்டத்துக்கு டீச்சரும் வரவில்லை, பிள்ளையும் வரவில்லை. காலைச் சாப்பாடு முடிந்ததும் ஓர் அழிறப்பரை எடுத்துக்கொண்டு றாக்கைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தேன். நான் எழுதியவை எல்லாவற்றையும் அழித்துவிடுவது என்று தீர்மானம். இனி யார் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் என் வாய் அதில் இருக்கக்கூடாது.

ஒவ்வொன்றாக அழித்தேன். எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்! மனேஜருக்கே ஒரு தனிப் புத்தகம் போடலாம். எங்கேயாவது ஓரிடத்தில் "எனக்கு" என்று எழுதியிருக்கிறேனா என்று பார்த்தேன். இல்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கேட்பது எப்படி என்ற புத்தகத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. பேசி முடிக்க முதல் போனை வைப்பவர், மற்றவருக்குக் கதவைச் சாத்துகிறார் என்ற பொருளில் ஒரு வரி. ஓரத்தில் தங்கச்சியின் புள்ளி. அதற்குப் பக்கத்தில் என் எழுத்து: "இவருக்கு." அழிறப்பரைக் கீழே வைத்தேன்.

அடுத்த புத்தகத்தை எடுத்துப் புள்ளிகளை மட்டும் தேடினேன். துக்கத்தில் இருப்பவர் தனியாகச் சாப்பிடும்போது என்ன நடக்கிறது என்று ஓரிடம். புள்ளி. பக்கத்தில் நான்: "டீச்சருக்கு. மேல தனியச் சாப்பிடுறா, பாவம்." காலையில் எழும்பியதும் ஒரு குரலைக் கேட்டால் அந்த நாளைத் தாண்டலாம் என்று இன்னோரிடம். புள்ளி. அங்கே நான் ஒன்றும் எழுதவில்லை, என் கண்ணில் பட்டதாகவே ஞாபகம் இல்லை. வேறொன்றில், ஆலோசனை ஒன்றும் சொல்லாமல் ஒருவர் பக்கத்தில் சும்மா இருப்பதே பெரிய உதவி என்ற கருத்து. அந்தப் புள்ளியை அவள் எவ்வளவு அழுத்தி வைத்தாளோ, தாள் துளைத்து மறுபக்கம் தெரிந்தது. துளைக்குப் பக்கத்தில் என் எழுத்து: "மனேஜருக்கு. போட்டோகொப்பி எடுத்து மேசையில வைக்கோணும்."

அந்தப் புத்தகங்களை அவள் எனக்கு முதல் வாசித்தவள். ஒவ்வொரு தரமும் அவள் கையிலிருந்து நேரே என் கைக்குத்தான் வந்தன. அவள் கணவர் இருந்த காலத்துப் புத்தகங்களில் புள்ளிகள் அங்கொன்று இங்கொன்று. அவர் போன பிறகு வந்தவற்றில் பக்கத்துக்குப் பக்கம். இரண்டு வருடமாக அவற்றுக்குப் பக்கத்திலேயே பென்சிலை வைத்து நான் ஊருக்குப் புத்தி எழுதியிருக்கிறேன். பாயில் இருந்து நன்றாக அழுதேன். கணவர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

அன்று பத்து மணிக்கே மட்டக்குளி பஸ் ஏறினேன். போயா என்பதால் பஸ்ஸில் விகாரைக்குப் போகிற, வெள்ளை உடுத்த ஆட்கள் நிறைய. என்ன சொல்லலாம் என்று யோசிக்கப் பார்த்தேன். புத்தகத்தில் வாசித்ததெல்லாம் வரிசையாக வந்தது, எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன். கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை. பயமாக இருந்தது.

மணியை அடித்தேன். கதவைப் பாதி திறந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கைப்பையைப் பார்த்தாள்.

"புத்தகம் ஏதும் கொண்டு வந்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப வாங்கோ."

உள்ளே அயன் மேசை விரித்திருந்தது. அவருடைய சேர்ட்டுகள் ஒரு கூடையில். நான் கதிரையில் உட்கார்ந்தேன். அவள் ஒரு நீலச் சேர்ட்டை எடுத்து விரித்து அயன் பண்ணத் தொடங்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை. இது எனக்கு எவ்வளவு கஷ்டமான காரியம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு சேர்ட் முடிந்தது. மூன்றாவது சேர்ட்டின் கொலரைத் திருப்பிப்போட்டபடி அவள் தானாகவே கதைக்கத் தொடங்கினாள்.

"தோய்க்காமல் வைச்சால் அலுமாரி மணக்குது. தோய்ச்சால் அவற்ற மணம் போகுது. எது சரி எண்டு தெரியேல்ல. அதுதான் மாசத்துக்கு ஒருக்கா தோய்க்கிறன், ஒண்டை மட்டும் தோய்க்காமல் விடுறன்."

"ஓம்" என்றேன். இந்த முறை கேட்டுவிட்டுச் சொன்னேன். அவள் அவரைப் பற்றி மத்தியானம் வரை கதைத்தாள். பிறகு இரண்டு பேரும் சோறு சாப்பிட்டோம். சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவும்போது, அன்று காலையிலிருந்து நெஞ்சுக்குள் கிடந்ததைக் கேட்டேன்.

"பிள்ளை, நீ புத்தகங்களில வைக்கிற அந்தப் புள்ளி... அதெல்லாம் ஆருக்கு?"

அவள் குழாயைப் பூட்டினாள்.

"உனக்குத்தான். கடைசியா வாசிக்கிறது நீதானே எண்டு வைச்சனான்."

கையைத் துடைத்துவிட்டு, கூடையில் மிச்சம் இருந்த சேர்ட்டுகளை ஒவ்வொன்றாக உதறி அவளிடம் கொடுத்தேன், அவள் அயன் பண்ணினாள்.

அடுத்த நாள் காலை ஆறரைக்கு போன் அடித்தது. போஞ்சியை அப்படியே விட்டுவிட்டு, ஸ்பீக்கரில் போடாமல், போனைக் காதில் வைத்துக்கொண்டு குசினிக் கதிரையில் உட்கார்ந்தேன். மீன் வாங்கப் போன கதை, பள்ளிக்கூட அதிபரின் கதை, அவரைக் கனவில் கண்ட கதை. மூன்று தரம் எனக்கு நல்ல நல்ல புத்திமதிகள் வாய் வரை வந்தன, மூன்றையும் விழுங்கினேன். பஸ்ஸுக்கு நேரமானது. அவள் வைக்கும் வரை நான் வைக்கவில்லை. அன்று கந்தோருக்குப் பிந்தித்தான் போனேன்.